சுவரில் மிஞ்சிய வாய்

முன்னொரு காலத்தில் ஒரு மகாராஜா புது மண்டபம் கட்டினார். கட்டியவர் சும்மா இருந்திருக்கலாம். "இதன் சுவரில் நம் உருவம் வேண்டும். சாத்தையனே வரையட்டும்" என்று சபையில் சொல்லிவிட்டார். சாத்தையன் அரண்மனை விகடன். கதை சொல்லிக்கொண்டே கரித்துண்டால் படம் போட்டுக் காட்டுவான்.

தலைமை ஓவியர் அம்பலவாணருக்கு வயிறு எரிந்தது.

"மகாராஜா, அவன் கோடெல்லாம் என்னுடையவை. பத்து வருஷம் என் அச்சுத்துணியைப் பிடித்து வளர்ந்தவன்!"

அச்சுத்துணி என்றால் ஊசியால் முகம் குத்திய துணி. சுவரில் வைத்துக் கரிப்பொடியைத் தட்டினால் முகம் விழும். அந்த அரண்மனையில் மூன்று தலைமுறை ராஜாக்களுக்கும் ஒரே முகம்தான். ஏன் என்று கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

மகாராஜாவின் முகம் கறுத்தது.

"சாத்தையா, மூன்றாம் நாள் பொழுது சாயும்போது சுவரில் உன் கோடு மட்டுமே இருக்க வேண்டும். பிறர் கோடு ஒன்று இருந்தாலும் உன் வலக்கைக் கட்டைவிரல் போய்விடும். அம்பலவாணரே சோதிக்கட்டும்."

சாத்தையன் வீட்டுக்கு வந்து விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். தண்டனையைவிட இன்னொன்று அவனை அதிகம் வாட்டியது. அம்பலவாணர் சொன்னது பொய்யில்லை. புருவம் வரைந்தால் அது அவர் புருவம். மூக்கு வரைந்தால் அவருடைய அப்பாவின் மூக்கு. என்னுடையது என்று ஒரு கோடாவது உண்டா? இரண்டு நாள் வரைந்து வரைந்து அழித்தான்.

மூன்றாம் நாள் காலை மகாராஜா மண்டபத்துக்கு வந்தார். வியர்வையைத் துடைத்துத் துடைத்து சாத்தையன் முகமெல்லாம் கரி. அதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று கையால் வாயை மூடிக்கொண்டார். முன்பல் ஒன்று இன்னொன்றின் மேல் ஏறி நிற்கும். அதை மறைப்பது அவர் வழக்கம். கை வருவதற்குள் சாத்தையன் பார்த்துவிட்டான்.

மாலையில் சபை கூடியது. சுவரில் மகாராஜா முழு உருவமாக நின்றார். வாசலில் வாளோடு ஒருவன் நின்றான்.

"கிரீடம் என்னுடையது!" என்றார் அம்பலவாணர்.

சாத்தையன் ஈரத்துணியால் கிரீடத்தைத் துடைத்தான்.

"என்ன செய்கிறாய்?"

"பொழுது இன்னும் சாயவில்லையே ஆசாரியாரே. உங்கள் பொருளை எடுத்துவிடுகிறேன். அடுத்தது?"

அம்பலவாணருக்கு உற்சாகம் தலைக்கேறியது. புருவம், கண், மூக்கு, தோள், மார்பு, பாதம் என்று அடுக்கினார். சாத்தையன் ஒவ்வொன்றாகத் துடைத்தான்.

கடைசியில் வெள்ளைச் சுவரில் ஒரு சிரிக்கும் வாயும், அதை மூட எழும் ஒரு கையும் மட்டும் மிஞ்சின. பல்மேல் பல் ஏறி நின்றது.

"இந்த வாயும் உங்களுடையதுதானா, ஆசாரியாரே?"

அம்பலவாணர் இரண்டடி பின்வாங்கினார். "ஐயையோ! இப்படி ஒரு வாயை நானோ என் பரம்பரையோ கனவிலும் வரைந்ததில்லை!"

சாத்தையன் துணியைக் கீழே வைத்தான். "அப்படியானால் இது என் கோடு, மகாராஜா."

மகாராஜா சிம்மாசனத்தை விட்டு எழுந்தார். வாசலில் நின்றவன் வாளைத் தொட்டான். சுவரருகே போய் அவர் வெகுநேரம் பார்த்தார். உதடு துடித்தது. வழக்கம்போல் கை வாயை நோக்கி எழுந்தது. சுவரிலும் அதே கை, அதே சாய்வில். அதைக் கண்டவர் கையைக் கீழே போட்டுவிட்டு, பல் தெரிய, மண்டபம் அதிரச் சிரித்தார்.

"அம்பலவாணரே, உம் துணியில் இருப்பது யார் முகம்?"

"தங்கள்... தாத்தாவுடையது, மகாராஜா."

"அதை அவர் சமாதியில் வைத்துவிட்டு வாரும். இனி எம் முகத்தை எம்மைப் பார்த்து வரையும்!"

பிறகு தம் மோதிரத்தைக் கழற்றி, வெட்டச் சொன்ன அதே கட்டைவிரலில் போட்டார். மோதிரம் தொளதொளவென்று இருந்தது. அது விரலில் ஆட ஆட, அன்றுமுதல் சாத்தையன் போட்ட கோடுகள் கொஞ்சம் கோணின. ஒன்றைக்கூட அவன் துடைக்கவில்லை.