பழுக்காது என்று ஒரு கையெழுத்து

தொட்டியம் பக்கத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். அதன் மேனேஜர் தண்டபாணி, வாழைத்தார் கொண்டுவந்த விவசாயிகளிடம் புதிதாக ஒரு சட்டம் போட்டார்.

"சென்னை போய்ச் சேர்ற வரைக்கும் ஒரு காய்கூடப் பழுக்காதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அப்பத்தான் லாரியில ஏத்துவேன்."

அடிக்கிற சித்திரை வெயிலில் யார் எழுதித் தர முடியும்? இரண்டு நாளாகத் தார்கள் கொட்டகையிலேயே கிடந்தன.

மூன்றாம் நாள் காலை, அங்கே சுமை ஏற்றும் செங்கமலம் முன்னால் வந்தாள்.

"நான் கையெழுத்துப் போடுறேங்க. லாரி எப்பக் கிளம்பும், எப்ப சென்னை சேரும்னு நீங்க மேலே எழுதிடுங்க. அதுவரைக்கும் பழுக்காதுன்னு நான் கீழே எழுதுறேன்."

தண்டபாணி பேனாவைத் திறந்தார், மறுபடி மூடினார்.

"லாரி எங்கேங்க நிக்குது?" என்று எல்லாரும் சூழ்ந்துகொண்டதும் உண்மை வந்தது. இருந்த இரண்டு லாரியும் பட்டறையில் இன்ஜின் கழற்றிக் கிடந்தன. சரக்கு வேறு ஆபீசுக்குப் போய்விடக் கூடாதென்றுதான் இந்தக் கையெழுத்து நாடகம். விவசாயிகள் முசிறியிலிருந்து வண்டி பிடித்து மதியத்துக்குள் தார்களை ஏற்றிவிட்டார்கள்.

பிச்சைமுத்துவின் தார்களை மட்டும் ஏற்ற முடியவில்லை. எல்லாருக்கும் முன்னால் வெட்டிக் கொண்டுவந்தவர் அவர். அத்தனையும் பழுத்து வெடித்திருந்தன.

"லாரி இல்லைன்னு உனக்கு எப்பம்மா தெரியும்?" என்று கேட்டார்.

"முதல் நாளே தெரியும்ண்ணே. வேலை போயிடுமோன்னு பயந்துட்டேன்."

அவர் பழங்களை மாடுகளுக்கு அள்ளிப்போட ஆரம்பித்தார். செங்கமலமும் கூடப் போய் அள்ளினாள். அவர் முகத்தை மட்டும் அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.