ஒட்டாத தோசைக்கல்

செங்கோட்டைக்கு மேற்கே, மலை தொடங்குகிற இடத்தில் ஓர் ஆசிரமம். அதன் குரு குழல்வாய்மொழி அம்மாளுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. முன்பு ஒரு கல்லூரி விடுதியில் சமையல் பார்த்தவர். எப்படிக் குருவானார் என்று கேட்டவர்களுக்கு இரண்டு தோசை கூடுதலாகக் கிடைத்தது, பதில் கிடைத்ததில்லை.

புதிய சீடர் டாக்டர் மாசிலாமணி அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. முப்பது வருடம் நானோ ஆராய்ச்சி செய்தவர். ஒரு தலைமுடியின் பருமனை எண்பதாயிரம் கூறு போட்டு, அதில் ஒன்றை எடுத்துப் பார்த்து, "இன்னும் தடியா இருக்கே" என்று கவலைப்படுகிற ஆள்.

அவர் கண்டுபிடித்த பூச்சு ஒன்று உண்டு. தடவிய இடத்தில் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் ஒட்டாது, சேறு ஒட்டாது. ஒருநாள் அதைத் தன் செருப்பின் அடியில் தடவிப் பார்த்தாராம். தரை ஒட்டவில்லை. ஆய்வுக்கூடத்து வாசலில் காலை வைத்தவர், இயக்குநரின் மடியில்தான் போய் நின்றார் என்று சொல்வார்கள்.

வந்து பத்தாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அவர் குருவின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, எனக்குக் காவி குடுங்க."

"எதுக்கு?"

"எம்மேல எதுவும் ஒட்டுறதில்லம்மா. வேலை ஒட்டலை, வீடு ஒட்டலை. நான் தயார்."

"எப்ப வேணும்?"

"நாளைக்கே."

"அப்படி என்ன அவசரம்?"

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வியாழக்கிழமை என் பொண்ணு வடிவுக்குக் கல்யாணம். மதுரையில."

குரு சிரிக்கவில்லை. ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.

"வடிவு உங்களைக் கூப்பிடலையா?"

"கூப்பிடாம என்ன? பதினாலு தடவை போன் அடிச்சா. நான் எடுக்கவே இல்லையே!"

"பதினாலுன்னு எண்ணி வச்சிருக்கீங்க."

"ஆமாம்மா" என்றார் டாக்டர் பெருமையாக.

குரு இரண்டாவது வெங்காயத்தை எடுத்தார்.

அந்த ஆசிரமத்தில் ஒரு வழக்கம். காவி கேட்பவர் புதன்கிழமை அன்னதானத்துக்கு அடுப்படியில் நின்று, வந்தவர் எல்லாருக்கும் தோசை சுட்டுப் போட வேண்டும். கடைசி ஆள் சாப்பிட்டு எழுந்தால் காவி. எழுதப் படிக்க, மந்திரம் சொல்லத் தெரிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

புதன்கிழமை பந்தியில் அறுபது பேர் உட்கார்ந்துவிட்டார்கள். டாக்டர் முதல் தோசையை ஊற்றினார். ஒட்டிக்கொண்டது. சுரண்டினார். இரண்டாவது கிழிந்தது. மூன்றாவது தோசை என்று சொன்னால்தான் தோசை.

"டாக்டரே!" பந்தியிலிருந்து லாரி ஓட்டும் பேச்சிமுத்து குரல் கொடுத்தார். "தோசை இப்ப வருமா, இல்ல நாங்க அடுத்த பிறவியில வரட்டுமா?"

டாக்டருக்குக் காது சிவந்தது. ஒட்டுவதுதானே இங்கே வியாதி? அதற்கு மருந்து கண்டுபிடித்தவனே அல்லவா கரண்டியோடு நிற்கிறான்! ஓடிப்போய்ப் பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து வந்தார்.

"என்ன அது?" என்றார் குரு.

"நானோம்மா. பயப்படாதீங்க, மணல்தான். ரொம்ப ரொம்பப் பொடி மணல். கல்லு மேல கண்ணுக்குத் தெரியாத முள்ளுக்காடு மாதிரி நின்னுக்கும். மேல விழுறது எல்லாம் முள்ளு நுனியிலயே நிக்கும். கல்லைத் தொடவே தொடாது. தாமரை இலையில தண்ணி நிக்குதே, அதேதான்."

"சரி" என்றார் குரு. முக்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

டாக்டர் பூச்சைத் தடவி, காயவைத்து, கல் சூடானதும் ஒரு கரண்டி மாவை ஊற்றினார்.

மாவு பரவவில்லை. எலுமிச்சம்பழம்போலத் திரண்டு நின்றது. ஒரு கணம் யோசித்தது. பிறகு கல்லின் ஓரம்வரை உருண்டுபோய், கீழே குதித்தது.

டாக்டர் இன்னொரு கரண்டி ஊற்றினார். அதுவும் குதித்தது. மூன்றாவதைக் கரண்டியால் அழுத்திப் பிடித்தார். அது கல்லை விட்டுக் கரண்டியோடு மேலே வந்துவிட்டது. நான்காவதும் ஐந்தாவதும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு கல்லைச் சுற்றின. எட்டாவது உருண்டை வாசல் தாண்டி, மூன்று படி இறங்கி, தெருவுக்கே போய்விட்டது. தென்காசிப் பேருந்தில் அது ஏறியதாகவும், நடத்துநர் டிக்கெட் கேட்டதும் இறங்கிவிட்டதாகவும் இன்றைக்கும் அந்த ஊரில் சாட்சி சொல்ல ஆள் இருக்கிறது.

"ஆகா!" என்றார் பேச்சிமுத்து. "தோசையே சந்நியாசம் போகுது!"

பந்தி முழுதும் சிரித்தது. டாக்டர் கரண்டியோடு திரும்பினார். கண் கலங்கியிருந்தது, அடுப்புப் புகை என்று சொல்லலாம்.

"ஒட்டவே இல்லைம்மா" என்றார்.

"ஆமா. பிரமாதம்."

"ஆனா தோசை வரலையே?"

குரு எழுந்தார். கல்லை இறக்கி ஆறவைத்து, தேங்காய் நாரும் செங்கல் பொடியும் எடுத்துவந்து தேய்க்கத் தொடங்கினார். வளையல் குலுங்கியது.

"ஐயோ, முப்பது வருஷ உழைப்பும்மா அது!"

"அதான் கொஞ்சம் அழுத்தித் தேய்க்கிறேன்."

கழுவிய கல் மறுபடி அடுப்பேறியது. குரு அரை வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தடவினார். தண்ணீர் தெளித்தார். மாவை ஊற்றி வட்டமாக இழுத்தார்.

டாக்டர் குனிந்து பார்த்தார். "ஒட்டிக்கிச்சும்மா."

"ஒட்டட்டும்."

டாக்டருக்குப் பொறுக்கவில்லை. தோசைத்திருப்பியை உள்ளே விட்டார். தோசை பாதி மேலே வந்தது. பாதி கல்லிலேயே கிடந்தது. குரு அவர் கையில் ஒரு தட்டுத் தட்டினார். கல்லைத் துடைத்து இன்னொன்று ஊற்றினார்.

"இப்பத் திருப்பலாமா?"

"இல்ல."

"இப்ப?"

"வாயை மூடிட்டு நில்லுங்க."

டாக்டரின் வேட்டி மடிப்பில் இருந்த போன் நடுங்கியது. அவர் எடுக்கவில்லை. "பதினைஞ்சு" என்று உதடு மட்டும் அசைந்தது.

தோசையின் நடுவில் ஈரம் வற்றியது. ஓரம் மெல்லச் சிவந்தது. பிறகு, யாரும் தொடாமலே, கல்லை விட்டுக் கொஞ்சம் மேலே எழும்பியது.

"தானா விட்டுருச்சே!" டாக்டர் கிட்டத்தட்டக் கத்திவிட்டார்.

"வெந்துருச்சு" என்றார் குரு. கரண்டியை அவர் கையில் கொடுத்தார்.

பதினோரு மணிக்குப் பந்தி முடிந்தது. பேச்சிமுத்து பதினேழாவது தோசையோடு கடைசியாக எழுந்து, டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். வழக்கப்படி எல்லாம் நடந்தாகிவிட்டது. குரு உள்ளே போய், மடித்த காவித் துணி ஒன்றைக் கொண்டுவந்தார். டாக்டர் கையை நீட்டினார்.

குரு கொடுக்கவில்லை.

"போன்ல வடிவு என்ன சொல்ல வர்றா?"

"எடுக்காமலே தெரியும்மா. தாரை வார்க்க நான்தான் வரணும்னு சொல்லுவா."

"போறதுதானே?"

டாக்டர் தன் கையில் காய்ந்திருந்த மாவைச் சுரண்டினார்.

"போனா… அவ கையைப் பிடிச்சுக் குடுக்கணும்ல. அழுதுருவேம்மா. அறுநூறு பேர் முன்னாடி."

குரு காவியைத் தோளில் போட்டுக்கொண்டார். தோசைத்திருப்பியை எடுத்தார். அதன் நுனியால் டாக்டரின் முகவாயை லேசாக நிமிர்த்தி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குனிந்து பார்த்தார்.

"ஓரம்கூட இன்னும் சிவக்கலை, டாக்டரே. இப்ப எடுத்தா கிழிஞ்சிருவீங்க. மதுரை பஸ் மூணு மணிக்கு."