பரணேறிய தோட்ட அதிகாரி

முன்னொரு காலத்தில், மாம்பழம் என்றால் மந்திராலோசனையையே மறந்துவிடுகிற ராஜா ஒருவர் இருந்தார். ஒரு கோடையில் அவருடைய சபை விகடன் சொக்கப்பன், தன் வீட்டுக் கொல்லையில் பழுத்த பழம் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தான். கொடுத்தவன் சும்மா இருந்திருக்கலாம். "இந்த ருசி தங்கள் தோட்டத்தில் கிடைக்காது, மகாராஜா" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

அரண்மனைத் தோட்ட அதிகாரி தில்லைநாயகத்துக்கு வயிறு பற்றி எரிந்தது.

"அத்தனை நல்ல மரம் விகடன் வீட்டுக் கொல்லையில் எதற்கு, மகாராஜா? வேரோடு தோண்டி இங்கே நட்டுவிடலாம்" என்றார். ராஜாவும் நல்ல யோசனை என்றுவிட்டார்.

சொக்கப்பன் அவசரமாக முன்னால் வந்தான். அவன் மனைவி செங்கமலம் கல்யாணமாகி வந்த வருஷம் நட்ட மரம் அது.

"காய்க்கிற மரத்தைத் தோண்டினால் பட்டுப்போகும், மகாராஜா. அடுத்த கோடைக்குள் இதே பழம் தங்கள் தோட்டத்தில் காய்க்கும். காய்க்காவிட்டால் தோண்டிக்கொள்ளுங்கள்" என்றான்.

தில்லைநாயகம் முந்திக்கொண்டார். "ஆனால் அரண்மனைச் செடியையும் மண்ணையும் தோட்ட அதிகாரியைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. பரம்பரை வழக்கம், மகாராஜா. விகடனும் தொடக்கூடாது."

ராஜா தலையசைத்தார். விதை போட்டால் காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகும், செடியைத் தொடவும் வழியில்லை. விகடன் தொலைந்தான் என்றே சபை நினைத்தது.

வீட்டில் செங்கமலம் அழுதேவிட்டாள். "எவன் மம்மட்டியோட வந்தாலும் மரத்தக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். என்னையும் சேத்துத் தோண்டட்டும்."

"அழாத புள்ள. நாளைக்கு அந்த அதிகாரியவே நம்ம மரத்துக்கு வேலைக்காரனா வர வைக்கிறேன்."

மறுநாள் சபையில் சொக்கப்பன், அரண்மனைத் தோட்டத்திலிருந்து தொட்டியோடு ஒரு மாங்கன்று கேட்டான். "எது என்று அதிகாரியே தேர்ந்தெடுக்கட்டும்."

அவரா நல்லதைக் கொடுப்பார்? கடித்தால் பல் கூசுகிற நாட்டு மாவின் கன்றாகப் பார்த்து எடுத்தார். தண்டு திடமான, வீரியமான கன்று. ஒட்டுக் கட்ட அதைவிட நல்ல வேர் கிடைக்காது. சொக்கப்பன் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டான்.

"இந்தக் கன்றை என் மரத்துக் கிளை உயரத்துக்குத் தூக்கி வைத்து, கன்றையும் கிளையையும் பட்டை சீவிச் சேர்த்துக் கட்ட வேண்டும். இரண்டும் ஒட்டும்வரை தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். அரண்மனைக் கன்றாயிற்றே, நான் எப்படித் தொடுவேன், மகாராஜா?"

ராஜா தில்லைநாயகத்தைத் திரும்பிப் பார்த்தார். "வழக்கம் உம்முடையதுதானே, போய்ச் செய்யும்."

சொக்கப்பன் வீட்டுக் கொல்லையில் பரண் கட்டினார்கள். சரிகைத் தலைப்பாகையோடு அதிகாரி ஏறினார். சொக்கப்பன் கீழே நின்றபடியே, எங்கே சீவுவது, எப்படி இறுக்குவது என்று சொல்லிக்கொடுத்தான். மழை கொட்டினாலும் அவர் காலையும் மாலையும் ஏறத்தான் வேண்டும். கன்று காய்ந்தால் அரண்மனைச் செடியைக் கொன்ற பழி அவர் தலையில் விழும். முசுறு எறும்பு வேட்டிக்குள் புகுந்து அவரைப் பரண்மேல் கூத்தாட வைத்த அன்று தெருவே கூடிவிட்டது.

செங்கமலம் மட்டும் சிரிக்கவில்லை. "ஐயா, தொட்டி காஞ்சு கெடக்கு. இன்னொரு செம்பு ஊத்துங்க" என்றாள்.

மழைக்காலம் முடிவதற்குள் ஒட்டுப் பிடித்தது. ஒட்டுக்குக் கீழே கிளையையும், மேலே கன்றின் தலையையும் அதிகாரியே அறுத்தார். இப்போது வேர் நாட்டு மாவினுடையது, தலை செங்கமலத்தின் மரத்தினுடையது. அவரே சுமந்துபோய் அரண்மனைத் தோட்டத்தில் நட்டார். தையில் பூத்தது. கோடையில் இடுப்புயரச் செடியில் மூன்று பழங்கள் தொங்கின.

ராஜா ஒன்றைக் கடித்தார். அதே ருசி. "சொக்கப்பா, என்ன பரிசு வேண்டும்?"

"நான் எதையும் தொடவே இல்லையே, மகாராஜா. பாடுபட்டவர் அதிகாரி. இந்த ஊரிலேயே ஒட்டுக் கட்டத் தெரிந்தவர் இப்போது அவர்தான். பரிசாக, அந்தக் கலையை ஊர்க் கொல்லைகளுக்கெல்லாம் அவர் கொண்டுபோக உத்தரவிடுங்கள்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்து மூக்கில் வந்து நின்றது. அப்படியே உத்தரவானது. செங்கமலத்தின் மரத்தை இனி யாரும் தோண்டக்கூடாது என்ற உத்தரவும், சொக்கப்பன் தோளுக்கு ஒரு பட்டுச் சால்வையும் கூடவே கிடைத்தன.

சால்வையோடு வீட்டுக்கு வந்தவன், முதல் வேலையாகப் பரணைப் பிரிக்கப் போனான்.

"அத ஏன் பிரிக்கிறீங்க?" என்றாள் செங்கமலம். "பக்கத்து வீட்டுக்காரி நாலு கன்னு வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கா. அதிகாரி ஐயாவ நாளைக்குக் காலையிலயே வரச் சொல்லுங்க."