மூச்சை வெட்டியவர்

“என் குரலை நான் எப்படித் திரும்ப எடுத்துக்கறது?”

தணிகாசலம் மலையேறி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்ட கேள்வி இது.

“காப்பி குடிப்பீங்கல்ல?” என்றார் ஜெசிந்தா. பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனார்.

வாசலில் மூடுபனி நின்றது. வந்த பாதை ஏற்கெனவே காணாமல் போயிருந்தது.

ஜெசிந்தாவைக் குரு என்று யாரும் நியமிக்கவில்லை. லினக்ஸ் என்ற இலவசக் கணினி மென்பொருளை வளர்ப்பவர்களின் மின்மடற்குழு ஒன்றில், மற்றவர்கள் எழுதி அனுப்பும் நிரல் திருத்தங்களைப் பார்த்து ஏற்பதும் திருப்பி அனுப்புவதும் அவர் வேலை. சம்பளம் கிடையாது. பெரும்பாலும் திருப்பித்தான் அனுப்புவார். காரணம் ஒரே வரியில் இருக்கும்.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஆட்கள் வாரக்கணக்கில் மண்டையைக் குடைந்துகொள்வார்கள். பிறகு, குரு சொன்னது சரிதான் என்று எழுதுவார்கள். கேலிக்கு வைத்த பெயர், ஒட்டிக்கொண்டது.

குரு தன்னைவிட இவ்வளவு இளையவர் என்பது தணிகாசலத்துக்கு இன்றுதான் தெரிந்தது. ஆண்டுக்கணக்காக எழுதிக்கொள்கிறார்கள், தோழர் தோழர் என்று உருகுகிறார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. அந்த உலகத்தில் அப்படித்தான்.

தணிகாசலத்தின் கதை இதுதான்.

தமிழில் எழுதியிருப்பதைக் கணினி வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் ஆசைப்பட்டார். மென்பொருளை எழுதிவிட்டார். படிக்கக் குரல் வேண்டுமே. கேட்டவர்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், ஒருவரும் வரவில்லை. கடைசியில் வாடகை வீட்டுப் படுக்கையறையில், போர்வைக்குள் புகுந்துகொண்டு, வேர்க்க விறுவிறுக்கத் தானே பேசிப் பதிவு செய்தார்.

பேசியது கொஞ்ச நாள். வெட்டியது மாதக்கணக்கில். வாக்கியத்துக்கு வாக்கியம் நடுவில் இழுத்த மூச்சை எல்லாம் வெட்டி எறிந்தார். ஒலிப்பதிவில் மூச்சு என்பது இரைச்சல் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்லின. இன்னொரு காரணமும் உண்டு. மூச்சிழுக்கும்போது அவர் மூக்கில் மெல்லிய விசில் ஒன்று வரும். பக்கத்தில் படுத்தால் ரயில் வருகிற மாதிரி இருக்கிறது என்பார் அவர் மனைவி. ஊர் கேட்கப்போகிற குரலில் அது எதற்கு?

எல்லாவற்றையும் பொதுவில் வைத்தார். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குத் தரலாம். மூலத்தை மறைக்கக் கூடாது என்பது கட்டற்ற மென்பொருளில் அடிப்படை மரியாதை என்பதால், வெட்டாத பழைய ஒலிப்பதிவையும் ஒரு மூலையில் போட்டு வைத்தார்.

அதன்பிறகு அலுவலகம் விட்டு வந்த நேரமெல்லாம் அதற்கே போனது. புகார்கள் வரும். உண்மையான பிழை என்றால் திருத்துவார். இல்லையென்றால் ‘இது பிழை அல்ல’ என்று எழுதி மூடுவார். அந்த மூன்று சொல் அதிகாரம் அவருக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒருமுறை மழைக்குருவி என்ற புனைபெயரில் யாரோ எழுதியிருந்தார். உங்கள் குரல் மூச்சே விடாமல் படிக்கிறது, நாள் முழுக்கக் கேட்டால் எனக்கு மூச்சு முட்டுகிறது என்று. தணிகாசலத்துக்குச் சிரிப்பு வந்தது. இது பிழை அல்ல என்று மூடினார்.

கொஞ்ச காலத்தில் காரைக்கால் பக்கத்து மாணவர்கள் சிலர் அவர் மென்பொருளைப் பிரதியெடுத்துத் தனிக் கிளையாக வளர்த்தார்கள். உரிமம் அனுமதித்ததுதான். ஆனால் ஜனம் முழுவதும் அங்கே போய்விட்டது. இங்கே புகார் சொல்லக்கூட ஆளில்லை. வயிறு எரிந்தது. அந்தக் கிளையில் என்ன மாற்றினார்கள் என்று எடுத்துப் பார்க்கவும் இல்லை, வீம்பு.

சென்ற வாரம் குழுவுக்குக் கோபமாக ஒரு மடல் எழுதினார். தன்னுடையதை அழிக்கப்போவதாகவும், தன் குரலை இனி யாரும் தொடக்கூடாது என்றும். மாணவர்கள் சண்டை போடுவார்கள் என்று எதிர்பார்த்தார். அவர்களோ, உங்கள் குரல் ஐயா, நீங்கள் உறுதியாகச் சொன்னால் நாங்களும் எடுத்துவிடுகிறோம் என்று பணிவாக எழுதிவிட்டார்கள்.

அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எங்கும் அந்தக் குரல் இருக்காது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவும் முடியாமல், விடவும் முடியாமல், வத்தலக்குண்டில் பஸ் மாறி இங்கே வந்திருக்கிறார்.

ஜெசிந்தா காப்பியோடு வந்தார். டம்ளர் விளிம்பின் உள்பக்கம் விரல் நுனியை வைத்துக்கொண்டு ஊற்றினார். சூடு விரலைத் தொட்டதும் நிறுத்தினார்.

தணிகாசலம் அந்த விரலைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். விசைப்பலகை இருந்தது. திரை இல்லை.

இத்தனை ஆண்டில் ஒருமுறைகூட ஜெசிந்தாவைப் பற்றித் தான் எதுவும் கேட்டதில்லை என்று அவருக்கு உறைத்தது. கூச்சமாக இருந்தது.

“எப்படிப் படிக்கறீங்க, தோழர்?”

ஜெசிந்தா காதில் இருந்த இயர்போனைக் கழற்றி, அதன் ஒயரைக் கணினிப் பெட்டியிலிருந்து பிடுங்கினார்.

அறை முழுக்கத் தணிகாசலம் பேசினார்.

இன்றைய தணிகாசலம் இல்லை. போர்வைக்குள் வேர்த்துக் கிடந்தவர். முடி நரைக்காதவர், யார் மேலும் கோபம் இல்லாதவர். கனவில் தன்னையே எதிரில் பார்ப்பதுபோல் இருந்தது அவருக்கு. பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து அவர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டது.

குரல் படித்துக்கொண்டிருந்தது அவருடைய மடலைத்தான்.

“இது என் குரல். இனி ஒருவரும் இதைத் தொடக்கூடாது. இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் வேறு குரல் தேடிக்கொள்ளட்டும்.”

அவ்வளவு கோபத்தையும் அது ஒரு குழந்தைக்குச் சோறூட்டுகிற பதத்தில் படித்தது.

தணிகாசலம் டம்ளரைக் கீழே வைத்தார். வாக்கியங்களுக்கு நடுவே ஏதோ இருந்தது. அவர் வெட்டி எறிந்த இடத்தில்.

“மூச்சு விடுதே,” என்றார்.

“ஆமா.”

“நான் மூச்சையெல்லாம் வெட்டிட்டேனே.”

“எனக்கு மூச்சு முட்டுச்சு. அதான் காரைக்கால் பசங்ககிட்ட மூச்சைத் திரும்ப வைக்கச் சொன்னேன்.”

மழைக்குருவி யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை. அந்தக் கிளைக்கு வரும் திருத்தங்களையும் தானே பார்ப்பதாக ஜெசிந்தா சொன்னார். சொன்ன விதத்தில் குற்றம் சாட்டுவது எதுவும் இல்லை, அதுதான் தணிகாசலத்துக்குக் கஷ்டமாக இருந்தது.

“யாரோட மூச்சு அது? யாரைப் பிடிச்சு வச்சாங்க?”

“பேசாம இருங்க, தோழர்.”

ஜெசிந்தா விசை ஒன்றைத் தட்டினார். சொற்கள் நின்றன. மூச்சு மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

உள்ளே போகும்போது ஒரு மெல்லிய விசில்.

வெளியே பனியில் மரம், மலை எதுவும் இல்லை. பெட்டியில் இருந்து விசில் வந்தது. சற்றுப் பிந்தி தணிகாசலத்தின் மூக்கிலிருந்து வந்தது. பிறகு பிந்தவில்லை.

ஜெசிந்தாவின் தலை லேசாகச் சாய்ந்தது. முதலில் பெட்டியின் பக்கம், பிறகு அவர் பக்கம்.

“இப்ப ரெண்டு பக்கமும் கேக்குது,” என்றார்.

தணிகாசலத்துக்குக் கண் கலங்கியது. ஜெசிந்தா பார்க்க முடியாது என்பதால் துடைக்காமல் விட்டார்.

நெடுநேரம் கழித்து, பஸ்ஸுக்குப் போக எழுந்தார். செருப்பைத் தேடினார். அது காலிலேயே இருந்தது.

“காரைக்கால் பசங்களுக்கு நானே எழுதிடறேன்,” என்றார். “இருக்கட்டும்னு.”

ஜெசிந்தா தலையாட்டினார்.

வாசல்வரை போனவர் தயங்கினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அந்த விசிலை மட்டும் எடுக்க ஒரு திருத்தம் எழுதி அனுப்பட்டுமா?”

“அனுப்புங்க. திருப்பி அனுப்பிடுவேன்.”

“ஏன்?”

ஜெசிந்தா ஒயரைத் திரும்பச் செருகி, காதில் வைத்துக்கொண்டார்.

“இது பிழை அல்ல.”