லேப்டாப்புக்குள்ள ஒடிஞ்ச முனை

சௌந்தரவல்லி அம்மா எங்க வீட்டு மாடியிலதான் குடியிருந்தாங்க. வயசு நாப்பத்திரண்டு. பொறந்ததுலேருந்தே கண்ணு தெரியாது. ஞாயித்துக்கிழமையானா மனசுல ஏதோ ஒண்ண வச்சுக்கிட்டுப் பத்துப் பேராவது அவங்க முன்னாடி வந்து உக்காருவாங்க. காவி கிடையாது, மாலை கிடையாது. நைட்டி மேல ஒரு துண்டப் போட்டுக்கிட்டு, முருங்கக்கீரைய உருவிக்கிட்டே பதில் சொல்லுவாங்க. உருவின கீரை பாதி எனக்கு வந்துரும். அத விடுங்க.

அவங்களுக்குச் சிஷ்யன் வெள்ளைச்சாமி. கரண்ட் ஆபீஸ்ல லைன்மேனா இருந்து ரிட்டையர் ஆனவரு. அறுபத்திநாலு வயசு. குரு சிஷ்யன "அண்ணே"ம்பாங்க, சிஷ்யன் குருவ "அம்மா"ம்பாரு. புதுசா வர்றவங்க யாரு யாருக்குக் குருன்னு முழிப்பாங்க. அந்த மனுசன் ஒரு தடவ கம்பத்துல ஏறினப்போ பின்னாடியே ஒரு குரங்கும் ஏறி, இவரு டிபன் பாக்ஸத் தொறந்து... வேணாம், அதுக்குள்ள போனா இது முடியாது.

அம்மாகிட்ட ஒரு பழைய லேப்டாப் இருந்துச்சு. ஒரு கல்யாணத் தரகர்கிட்ட செகண்ட்ஹேண்ட்ல வாங்கினது. திரையில இருக்கிற எழுத்தையெல்லாம் வாய்விட்டு வாசிக்கிற மாதிரி அதுல ஒண்ணப் போட்டுக் குடுத்திருந்தாங்க. மொத நாளு தொறந்ததும் தரகர் அழிக்க மறந்ததயெல்லாம் அது வாசிக்குது. "மணமகன், அஞ்சே முக்கால் அடி, சொந்த வீடு, குடிப்பழக்கம் இல்லை."

"நல்ல எடமாத்தான் தெரியுது. முடிச்சிரலாமாண்ணே?"ன்னாங்க அம்மா.

"சொந்த வீடுங்கிறதுல வில்லங்கம் இருக்கும்மா, விசாரிக்கணும்"னாரு இவரு.

ஒரு புதன்கிழமை மத்தியானம் அதுல ஒரு மெயில் வந்துச்சு. ஒட்டன்சத்திரத்துலேருந்து மதிவதனின்னு ஒரு காலேஜ் பொண்ணு, அம்மாவப் பத்திக் கேள்விப்பட்டு எழுதினது. ஏதோ நரம்பு வியாதி, போன வருசம்தான் ரெண்டு கண்ணும் போச்சு. அவ எழுதினத நான் சொல்லலாமான்னு கேக்காதீங்க. அவளே பின்னாடி எங்க வீட்ல உக்காந்து அடை தின்னுக்கிட்டே, "பாட்டி, நீங்க யாருக்கு வேணும்னாலும் சொல்லுங்க"ன்னா. இல்லாட்டி என் வாயிலேருந்து வருமா?

"அக்கா, இத நீங்க மட்டும் கேளுங்க. வேற யாரையும் படிக்கச் சொல்லாதீங்க"ன்னு ஆரம்பிச்சிருந்தா. கண்ணு போனதுலேருந்து அவளோட எதையும் யாராவது எடுத்துப் படிச்சிடறாங்களாம். போன்ல மெசேஜ் வந்தா அண்ணன் படிக்கிறான், பேங்க்லேருந்து வந்தா சித்தப்பா. கேட்டா "உனக்கு உதவிதானே பண்றோம்"ங்கிறாங்க. ஹாஸ்டல்ல இன்னும் மோசம். அதனால படிப்பே வேணாம்னு சொல்லிட்டா. நாளைக்குக் காலையில அவங்க அப்பா டிசி வாங்கப் போறாரு.

அம்மா ஹெட்போன மாட்டிக்கிட்டுக் கேக்குறாங்க. "அக்கா, உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்"ங்கிற எடம். வெள்ளைச்சாமி வீட்டக் கூட்டிக்கிட்டே வந்தவரு கால வயர்ல விட்டுட்டாரு. படக்குன்னு சத்தம் நின்னு போச்சு.

"அண்ணே!"

"இடறிட்டேன்மா. இந்தா, சொருகிடறேன்."

சொருகினா உள்ள போகல. சரி, ஹெட்போன் இல்லாமக் கேட்டுக்கலாம்னு பாத்தா ஸ்பீக்கர்லயும் பேச்சு மூச்சு இல்ல. சத்தத்தக் கூட்டுற பட்டன அமுக்கு அமுக்குன்னு அமுக்கினாரு. ம்ஹூம்.

"ஆஃப் பண்ணிப் போடட்டுமாம்மா?"

"போட்டா, மறுபடி அந்த லெட்டர் இருக்கிற எடத்துக்குச் சத்தமில்லாம நான் எப்படிப் போவேன்?"

வெள்ளைச்சாமி வெளக்குமாத்தச் சொவத்துல சாத்தி வச்சாரு.

"அம்மா, எனக்குத்தான் கண்ணு இருக்கே. நான் படிச்சுக் காட்டட்டுமா?"

"அவ எனக்கு எழுதியிருக்காண்ணே. நாளைக்குக் காலைக்குள்ள நான்தான் பதில் போடணும்."

அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவரு அந்தப் பேச்ச எடுக்கல.

அம்மாவுக்குத் திரை எதுக்கு, அதனால எப்பவும் வெளிச்சத்தக் கொறச்சு இருட்டாவே வச்சிருப்பாங்க. இப்ப பாத்தாத்தானே கோளாறு தெரியும்? வெளிச்சத்தக் கூட்டுறதுக்கு முன்னாடி வெள்ளைச்சாமி தோள்ல கெடந்த துண்ட எடுத்துத் திரை மேல போட்டாரு. கீழ் மூலைய மட்டும் விட்டாரு.

"நீங்க செய்யிறத வாயால சொல்லிக்கிட்டே செய்யுங்கண்ணே. எனக்கு ஒண்ணும் தெரியல."

"மூலையில சத்தப் படத்த அமுக்குறேன். நூறு காட்டுது. ஹெட்போன்னு போட்டிருக்கு."

"ஹெட்போன் என் மடியில கெடக்கே."

"அது இன்னும் மாட்டியிருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருக்கும்மா."

அம்மா ஹெட்போன் வயர்ல சொருகுற பின்ன வெரலால தடவிப் பாத்தாங்க. "முனையக் காணோம்ணே. ஒடிஞ்சு உள்ளயே நிக்குது." அப்புறம் அவங்களே சிரிச்சாங்க. "அது பேசிக்கிட்டுத்தான் இருக்கு. அந்த ஒடிஞ்ச முனைகிட்ட பேசுது."

ஊக்க விட்டு நோண்டினாரு, இன்னும் உள்ள போச்சு. கடைசியில ஒரு பால்பாயிண்ட் பேனா ரீபில்ல எடுத்து, அதோட முனையில ஒரு பொட்டுப் பசை. உடனே ஒட்டுமே, அந்தப் பசை. அத ஓட்டைக்குள்ள விட்டு, ஒடிஞ்ச முனையில ஒட்ட வச்சு, காஞ்சதும் இழுக்கணும். காயிற வரைக்கும் ஆடக் கூடாது. ஆடினா பசை ஓட்டையோட ஒட்டிக்கும், அப்புறம் ஜென்மத்துக்கும் வராது. மேசை வழுவழுன்னு இருக்கு. அதனால அம்மா ரெண்டு கையாலயும் லேப்டாப்ப அமுக்கிப் புடிச்சாங்க, இவரு ஒரு கையால ரீபில்லப் புடிச்சு, இன்னொரு கையால அந்தக் கைய ஆடாமப் புடிச்சாரு.

"விட்டுட்டேன்மா. முட்டிருச்சு. நேரா நிக்குது. ஆடல. கை ஸ்டெடியா..."



"ஏண்ணே?"

"துண்டு நழுவிருச்சும்மா."

"ம்."

"லெட்டர் என் மூஞ்சிக்கு நேரா நிக்குது. என்னால கைய எடுக்க முடியாது."

"என்னாலயும் முடியாது."

"கண்ண மூடிக்கிட்டேன்மா."

"சரிண்ணே."

இந்த எடத்துல என் நாத்தனார் கோமளத்தப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். தெருவுக்கு வர்ற கார்டையெல்லாம் தபால்காரர்கிட்ட இருந்து இவதான் வாங்குவா. குடுக்கப் போறப்பவே, "உங்க தம்பிக்கு மஞ்சக்காமாலையாம், பதறாதீங்க"ன்னு சொல்லிக்கிட்டே குடுப்பா. படிக்கிற வேலை யாருக்கும் மிச்சம் கெடையாது. அவ மட்டும் அன்னைக்கு அந்த ரீபில்லப் புடிச்சிருந்தா, லெட்டரப் படிச்சு, பதிலையும் யோசிச்சு, பொண்ணுக்கு ஒரு மாப்பிள்ளையும் பாத்திருப்பா.

வெள்ளைச்சாமி அப்படி இல்ல. ஆனா அவரும் மனுசன்தானே. நடுவுல ரீபில் லேசா சாஞ்ச மாதிரி இருந்துச்சுன்னு ஒரு கண்ணத் தொறந்துட்டாரு.

"அம்மா."

"சொல்லுங்க."

"ரீபில்லப் பாக்கத் தொறந்தேன். ஒரு வரி கண்ணுல பட்டுருச்சு."

"எந்த வரின்னு சொல்லாதீங்க."

"சொல்லமாட்டேன்."

கண்ண மறுபடி இறுக்கி மூடிக்கிட்டாரு. கண்ணுலேருந்து தண்ணி வந்துச்சாம். பசை நெடிம்மான்னாராம். அந்தப் பசைக்கு அவ்வளவு நெடி கெடையாது, எனக்குத் தெரியும், என் செருப்புக்கே போட்டிருக்கேன்.

மெதுவா இழுத்தாரு. டொக்குன்னு வந்துச்சு. முனையும் ரீபில்லோட வந்துருச்சு. துண்ட எடுத்துத் திரைய மூடுறதுக்குள்ள லேப்டாப்பு முழுச் சத்தத்துல மொதல்லேருந்து ஆரம்பிச்சுது. "அக்கா, இத நீங்க மட்டும்..."

"நிறுத்துங்கம்மா, நிறுத்துங்க!"ன்னு ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு மனுசன் படியெறங்கி ஓடி வந்து என் அடுப்பங்கரையில நின்னாரு.

"அக்கா, எதையாவது அரைங்க."

"என்னத்த அரைக்க?"

"எதையாவது. சத்தம் வேணும். மேல ஒரு லெட்டர் ஓடுது, நம்ம காதுல விழக் கூடாது."

நான் என்ன பண்ணுவேன், இருந்த மொளகா, உளுந்து, கடலப்பருப்பு எல்லாத்தையும் மிக்ஸியில போட்டேன். இட்லிப்பொடி மாவா அரைஞ்சு போச்சு. இவரு என் பக்கத்துல நின்னு தும்முறாரு. அம்மா மேலேருந்து காலால தரையத் தட்டினப்புறம்தான் நிறுத்த விட்டாரு.

மதிவதனி கேட்டிருந்தது இதுதான். "அக்கா, நீங்க ஒரு ரூம்ல உக்காந்திருக்கீங்க. கூட ஒருத்தர் இருக்காரு. அவரு உங்களோடதப் பாக்கலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அது தெரியாம நீங்க எப்படி இவ்வளவு நாளு இருந்தீங்க?"

ரெண்டு டம்ளர் காப்பி எடுத்துக்கிட்டு நானும் அவரு கூட மாடிக்குப் போனேன். அம்மா டைப் பண்ணிக்கிட்டு இருந்தாங்க. திரை பழையபடி இருட்டு. வெள்ளைச்சாமி தள்ளிப் போய்ச் சொவரோரமா உக்காந்தாரு. காப்பியத் தொடவே இல்ல.

"பதில் போயிருமாம்மா?"

"போயிரும்ணே. இன்னும் கொஞ்சம்தான்."

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"அந்த ஒரு வரி தவிர நான் வேற எதையும் படிக்கலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுண்ணே."

அவரு மூஞ்சி சுருங்கிப் போச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. அம்மா வெரலு மட்டும் நிக்கல.

"தெரியாமத்தான் உங்க பக்கத்துல உக்காந்து அந்த லேப்டாப்பப் புடிச்சுக்கிட்டு இருந்தேன். அதத்தான் அந்தப் பொண்ணுக்கு எழுதிக்கிட்டு இருக்கேன். காப்பி ஆறுது, குடிங்க."