மரநாய் விற்ற நாவல் மது

கரடிமடுக் காட்டில் சடையன் என்ற கரடிக்கு ஒரே மகள். பெயர் தேனரசி. மொட்டைப்பாறைக் கரடி வீட்டிலிருந்து அவளுக்கு வரன் வந்தது. பையன் நல்லவன். தேனரசிக்கும் பிடித்திருந்தது. மீதி இருந்தது நிச்சயம் மட்டும்தான்.

கரடிகளின் நிச்சயத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. இரண்டு சம்பந்திகளும் ஒரே குடுக்கையில் நாவல் மது குடித்து, "இனிக்குது" என்று சொல்ல வேண்டும். முகம் லேசாகச் சுளித்தாலும் சம்பந்தம் முறிந்தது. போன வருஷம் ஒரு பெண்ணின் அப்பாவுக்குக் குடிக்கும்போது புரையேறிவிட்டது. பாவம், அந்தப் பெண் இன்னும் பிறந்த வீட்டில்தான் இருக்கிறாள்.

சடையனுக்கு மது காய்ச்சத் தெரியாது. ஆகவே வலையில் வாங்கினான். காடு முழுக்கச் சிலந்தி வலை பின்னி வைத்திருந்தது. ஓர் இழையை இழுத்து வேண்டியதைச் சொன்னால் போதும், சரக்கு வாசலுக்கே வந்துவிடும். வலையில் வாங்குவது, வலையில் விழுவது, இரண்டுக்கும் அந்தக் காட்டில் ஒரே பொருள்தான் என்பது சடையனுக்குத் தெரியாது.

மது விற்றது குடுக்கையப்பன் என்ற மரநாய். தென்னை உச்சியில் கட்டிய கள்ளுப் பானையைக் காலி செய்துவிட்டு, பானையைத் துடைத்தும் வைக்கும் பரம்பரை. யாரும் அவன் முகத்தைப் பார்த்ததில்லை. பேசுவதெல்லாம் அவன் பழக்கி வைத்த மைனாதான்.

குடுக்கைகள் வந்தன. நிச்சயத்துக்கு முதல் நாள் சடையன் ஒன்றைத் திறந்து ஒரு வாய் குடித்தான். அவன் காது இரண்டும் மடங்கி, விரிய வெகு நேரமானது. மது அல்ல, அசல் காடி! ஊறுகாய் போடலாம், உறவு போட முடியாது.

ஓடிப்போய் இழையை இழுத்தான். மைனா வந்தது.

"வாடிக்கையாளரே, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்."

"புளிக்குதம்மா."

"அது புளிப்பு அல்ல. பக்குவம்."

மாற்றித் தரும்படி சடையன் கெஞ்சினான். திறந்த குடுக்கையைத் திருப்பி வாங்க மாட்டோம் என்றது மைனா. சரியென்று திறக்காத குடுக்கைகளை நீட்டினான். திறக்காமலே கெட்டுப்போனது என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டது. சடையன் தலையைச் சொறிந்தான். கரடிக்குத் தலையைச் சொறிய ஆரம்பித்தால் பொழுது போய்விடும். அவனுக்கும் போனது.

தேனரசி பார்த்தாள். அழுதால் கல்யாணம் நடக்காது. தானே போய் இழையை இழுத்தாள். குறை சொல்லவில்லை. மொட்டைப்பாறைக்காரர்கள் கல்யாணத்துக்கு குடம் குடமாய் மது வாங்கப் போவதாகவும், கடைக்கார அண்ணாச்சியே நாளை நிச்சயத்துக்கு நேரில் வந்து முதல் வாய் குடித்து விருந்தைத் தொடங்கி வைக்க வேண்டும் என்றும் மைனாவிடம் சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் குடுக்கையப்பன் மீசையை நீவிக்கொண்டு வந்து நடுவில் உட்கார்ந்தான். சுற்றிலும் இரு வீட்டாரும் உட்கார்ந்தார்கள். தேனரசி திறக்காத குடுக்கை ஒன்றை அவன் முன்னால் வைத்தாள்.

"நீங்களே திறங்க அண்ணாச்சி. நீங்களே குடிங்க."

திறந்தான். மணம் வந்ததுமே அது தான் விற்ற புளித்த சரக்குதான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. புளிக்குது என்றால் வியாபாரம் போச்சு. கண்ணை மூடிக் குடித்தான்.

"இனிக்குது" என்றான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"கண்ணில தண்ணி வருதே?" என்று கேட்டது மாப்பிள்ளையின் அப்பாவான மொட்டைப்பாறைக் கரடி.

"ஆனந்தக் கண்ணீருங்க."

"அப்படின்னா முழுசாக் குடிங்க. கொண்டு வந்தவர் வயிறு நிறையாம நாங்க எப்படித் தொடுறது?"

குடித்து முடித்தான். மீசை சுருண்டு மூக்குக்குள் போனது. வால் மயிர் முள்ளம்பன்றி மாதிரி நட்டுக்கொண்டு நின்றது. தேனரசி அடுத்த குடுக்கையை மெல்ல நகர்த்தி வைத்தாள்.

"இது இன்னும் பக்குவம், அண்ணாச்சி."

குடுக்கையப்பன் தடாலென்று காலில் விழுந்தான்.

"வேண்டாம் தாயே. இது காடி. மூடியைச் சரியா அடைக்காம விட்டுட்டேன். புளிச்சதையெல்லாம் வலையில வித்துட்டேன். நல்லதை எனக்குன்னு பொந்துல வச்சிருக்கேன்."

சம்பந்தம் போயிற்று என்றே சடையன் நினைத்தான். மொட்டைப்பாறைக் கரடியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"மது கிடக்கட்டும் சம்பந்தி. இப்படி ஒரு மருமக எங்களுக்குக் கிடைக்கணுமே. ஆனா வழக்கத்தை விட முடியாது. டேய் மரநாயே, ஓடு. பொந்துல இருக்கிறதைக் கொண்டு வா."

குடுக்கையப்பன் ஓடினான். இரண்டு காலில் ஓடினானா நான்கு காலில் ஓடினானா என்று பார்த்தவர்களுக்கே தெரியவில்லை, அவ்வளவு வேகம். கொண்டு வந்தது நிஜமாகவே நல்ல மது. சம்பந்திகள் இருவரும் ஒரே குடுக்கையில் வாய் வைத்தார்கள். சடையன் குடித்து "இனிக்குது" என்றான். மொட்டைப்பாறைக் கரடி ஒன்றும் சொல்லாமல் இன்னொரு வாய் குடித்தது, பிறகு இன்னொன்று. தேனரசி எட்டி எட்டிப் பார்த்தாள். குடுக்கையைக் கவிழ்த்துப் பார்த்து, ஒரு சொட்டும் மிச்சமில்லை என்று உறுதியான பிறகுதான் அது "இனிக்குது" என்றது.

தன் வாய்க்கு ஆகாததை அடுத்தவர் வாய்க்கு விற்பவன், ஒரு நாள் எல்லோரும் பார்க்க அதைத் தானே குடிக்க வேண்டியிருக்கும்.