கடைசித் தாளில் எழுதிய கருத்து

சீடன் என்றதும் மீசை முளைக்காத பையனை நினைத்துவிடாதீர்கள். ஆவுடையப்பனுக்கு அறுபத்திரண்டு வயது. பாளையங்கோட்டை கோர்ட்டில் முப்பது வருஷம் பெஞ்சு கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். குரு அவரைவிட இருபது வயது இளையவர், திலகராணி டீச்சர். அமெரிக்காவின் பழைய குற்ற நாவல்களைத் தமிழில் பெயர்த்து ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டத்துக்குக் கொடுப்பவர். ஓயாத மழை, சிகரெட் புகை, தொப்பி போட்ட துப்பறிவாளன், யாரையும் நம்ப முடியாத ஊர். அந்தக் கதைகளை வாசிக்கக் கற்றுக்கொடுத்தவரைக் குரு என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பிரதியின் கடைசியிலும் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கும். வாசித்தவர் தன் கருத்தைப் பேனாவால் எழுதி, கையெழுத்துப் போட்டுத்தான் அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். எழுதியதை அடிக்கவும் கூடாது, கிழிக்கவும் கூடாது. ஆவுடையப்பன் எழுதினால் மற்றவர்களுக்குக் கொண்டாட்டம். மனுஷன் பேனாவில் மையா ஊற்றினார், மிளகாய்ப்பொடியல்லவா அடைத்து வைத்திருந்தார்!

அன்றைக்கு ஆவுடையப்பன் டீச்சர் வீட்டில் ஒரு பிரதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன அண்ணாச்சி, காப்பி ஆறுதே."

"டீச்சர், நான் ஒரு பாவம் பண்ணிட்டேன்."

கடைசித் தாளைப் பிரித்துக் காட்டினார். புருஷனைக் கொன்றவள் என்று ஒரு பெண்ணை மின்சார நாற்காலிக்கு அனுப்பும் கதை அது. மூன்று வருஷத்துக்கு முன் நர்ஸ் மரியபுஷ்பம் அதில் எழுதியிருந்தாள்: 'இந்தக் கதையில் எல்லாரும் அவளைப் பற்றிப் பேசுகிறார்கள். அவளிடம் ஒருத்தரும் எதுவும் கேட்கவில்லை.'

அதற்குக் கீழே ஆவுடையப்பன்: 'கேட்டால் உண்மையையா சொல்லப் போகிறாள்? புருஷனை முழுங்கியவளுக்கு வக்காலத்து வாங்க இன்னொருத்தியா!'

எழுதியதோடு விட்டாரா? வட்டத்தில் உரக்க வாசித்தும் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். மரியபுஷ்பத்தின் புருஷன் கிணற்றில் விழுந்து செத்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தள்ளிவிட்டதே அவள்தான் என்று தெரு முழுக்க முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சு இவர் காதிலும் விழுந்திருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வரவில்லை. மாசக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிட்டு ஊரை விட்டே போய்விட்டாள்.

"நேத்து மறுபடி வாசிச்சேன், டீச்சர். பக்கம் பக்கமாத் தேடினேன். அவ எழுதினதுதான் சரி. துப்பறியுறவன் கேக்கலை, வக்கீல் கேக்கலை, ஜட்ஜும் கேக்கலை. முப்பது வருஷம் கோர்ட்டுல குப்பை கொட்டின எனக்கு அது தெரியலையே! நாலு பேரு சிரிக்கணும்னு எழுதினேன், படுபாவி."

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"இதுக்குக் கீழ மன்னிப்பு எழுதிரட்டுமா?"

"எழுதுங்க."

"எல்லாரும் கூடியிருக்கும்போது வாசிக்கவும் செய்யுதேன். அப்பதான் என் மனசு ஆறும்."

"வாசிங்க."

"அவ அட்ரஸ் கிடைச்சா ஒரு காயிதமும் போட்டுரலாம். என்னன்னு ஆரம்பிக்கட்டும்? மன்னிப்பாளா, டீச்சர்?"

டீச்சர் எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். நூல் போட்டுக் கட்டிய ஒரு கடிதக் கட்டை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார். மேலே இருந்த உறையில் மரியபுஷ்பத்தின் கையெழுத்து. ஆவுடையப்பனுக்கு அது பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"மாசா மாசம் எழுதுதா" என்றார் டீச்சர்.

கட்டைத் தொடப் போன ஆவுடையப்பன் தொடாமல் நிமிர்ந்தார்.

"என்னைப் பத்தி ஏதாவது எழுதியிருக்காளா?"

டீச்சர் கட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"வந்து ஒரு மணி நேரமாச்சு, அண்ணாச்சி. அவ எப்படி இருக்கான்னு நீங்க இன்னும் கேக்கலையே."